வீட்டு வரியும் நாட்டுப் பள்ளியும்

அம்பத்தூரில் ஓட்டு வீடொன்றுக்கு உரியவர், ஆவடியில் அடுக்குமாடி எழுப்பியவர், பூவிருந்தவல்லிக் கடைத்தெருவில் நான்கு கடைகளை வாடகைக்கு விட்டு வாழ்பவர், இம்மூவரும் அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி செலுத்துகின்றனர். தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் குப்பை அகற்றுவதற்கும் செலுத்துவதாகவே அவர்கள் எண்ணுகின்றனர். அவ்வரிக்குள்ளே கல்வி வரி என்றொரு கூறு கலந்திருக்கிறது என்பதையும், நூலக வரி ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் அதன் மேல் ஏறி வருகிறது என்பதையும் அறிந்தவர் சிலரே.

அறிந்தவருள் ஒருவர் கேட்பார்: “எனக்குப் பிள்ளையில்லை. எதிர்வீட்டான் பிள்ளை எழுத்துக் கற்க என் வீடு ஏன் வரி கொடுக்க வேண்டும்?” கேட்கட்டும்! கேட்பதை நாம் குறை கூறமாட்டோம். வீட்டுக்கும் பள்ளிக்கும் உறவு எப்படி ஏற்பட்டது, அவ்வுறவால் வாழ்ந்தவர் யார், வஞ்சிக்கப்பட்டவர் யார் என்னும் வரலாற்றைப் புரட்டினால் அவருக்கு விடை கிடைக்கும். நமக்கோ, அவர் கேட்காமல் விட்ட வேறு சில கேள்விகளும் கிடைக்கும்.

பள்ளியை நடத்தும் பொறுப்பு ஊருக்கு உண்டு என்ற எண்ணம் மிகப் பழையதன்று. அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் குடியேற்றத்தார் 1647ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தனர். ஐம்பது குடும்பங்கள் கொண்ட ஊர் எதுவாயினும், எழுதப் படிக்கக் கற்பிக்க ஓர் ஆசானை அமர்த்தியே தீர வேண்டும் என்றது அச்சட்டம். காரணம் என்ன கூறினர் தெரியுமா? மக்கள் மறைநூலைப் படித்தறிய விடாமல் சாத்தான் தடுக்கிறானாம். அவனை முறியடிக்கப் பள்ளி வேண்டுமாம்! சாத்தானை விரட்டத் திறந்த பள்ளியிலே பின்னாளில் அறிவியல் நுழைந்தது. அதைச் சாத்தானும் எதிர்பார்த்திருக்கமாட்டான், சட்டம் செய்தவரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். இங்கிலாந்திலோ 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திற்குப் பிறகே, பள்ளி வாரியங்கள் அமைந்து வீட்டு வரியின் துணையோடு பள்ளி நடத்தத் தொடங்கின.

நம் நாட்டில்? திண்ணைப் பள்ளி ஆசானுக்கு நெல்லும் காசும் கொடுக்க முடிந்தவர் பிள்ளை படித்தது. முடியாதவர் பிள்ளை மாடு மேய்த்தது. கொடுக்க முன்வந்தாலும் சேரிப் பிள்ளைக்கு அந்தத் திண்ணையில் இடமில்லை. ஆகவே, கட்டணத்தால் நடக்கும் பள்ளியை விட்டு வரியால் நடக்கும் பள்ளிக்கு வருவது என்பது வெறும் கணக்கு மாற்றமன்று. கொடுத்தவன் பிள்ளை என்ற நிலை போய், ஊர்ப் பிள்ளை என்ற நிலை வரவேண்டும். அந்த மாற்றம் எளிதில் வந்துவிடவில்லை.

சென்னை மாகாணத்தில் முதல் முயற்சி கோதாவரிக் கரையிலே நடந்தது. 1850களின் நடுவில், நரசாபூர்ப் பகுதியின் துணை ஆட்சியராயிருந்த டெய்லர் என்பவர், நிலவரியோடு சிறு தொகை சேர்த்துக் கொடுத்தால் ஊருக்கொரு பள்ளி நடத்தலாம் எனக் குடியானவரிடம் கூறி இசைவு பெற்றார். பள்ளிகள் எழுந்தன. 1863ஆம் ஆண்டில் அம்முறைக்குச் சட்டவடிவம் தரப்பட்டது. விரும்பிய ஊரார் தமக்குத் தாமே வரி விதித்துக்கொள்ளலாம் என்றது சட்டம். விரும்பித் தமக்கு வரி விதித்துக்கொள்ளும் ஊர்கள் நாட்டில் எத்தனை இருக்கும்? 1871இல் வந்த உள்ளூர் நிதிச் சட்டம் விருப்பத்தை விட்டுக் கட்டாயத்தைப் பிடித்தது. ஊர்ப் பள்ளிகளின் செலவுக்கு வீட்டு வரி விதிக்கலாம் என்றது. மக்கள் வெறுத்தனர், எதிர்த்தனர். 1873இல் அந்த வீட்டு வரி கைவிடப்பட்டது.

மக்கள் அறிவை வெறுத்தார்களா? அப்படித்தான் அன்றைய துரைமார் சிலர் கருதியிருப்பர். வரி விதிப்பவனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மக்களுக்கு இல்லை. வரி வாங்கியவன் பள்ளியை எங்கே வைப்பான், அதில் எவரைச் சேர்ப்பான் என்று கேட்கும் உரிமையும் இல்லை. குடிசைக்காரன் கொடுத்து அக்கிரகாரத்து ஓரத்தில் பள்ளி எழுந்தால், அவன் எதற்காக மனமுவந்து கொடுப்பான்?

இன்று ஆலைகளும் படைக்கலத் தொழிலகங்களும் நிற்கும் நம் மேற்குப் புறநகர், அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்துச் சைதாப்பேட்டைத் தாலுகாவைச் சேர்ந்தது. பூவிருந்தவல்லி படைவீரர் தங்கிய ஊர். அம்பத்தூரும் ஆவடியும் ஏரித் தண்ணீரை நம்பிய சிற்றூர்கள். இத்தகைய ஊர்களின் கல்வியைக் கருதி வந்ததே 1920ஆம் ஆண்டுச் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம். நகராட்சிகளும் ஜில்லா, தாலுகா போர்டுகளும் தம் எல்லையில் கல்வி வரி விதிக்கலாம். ஏற்கெனவே விதிக்கும் சொத்து வரி முதலியவற்றின் மேல் நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மிகாமல் அது இருக்கலாம். உள்ளூரார் எவ்வளவு திரட்டுகின்றனரோ அதற்கு ஈடான தொகையை மாகாண அரசும் தரும். கட்டாயக் கல்வியைக் கொண்டுவரவும் உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் உண்டு.

நல்ல சட்டம்தான். ஆனால் ‘விதிக்க வேண்டும்’ என்னாமல் ‘விதிக்கலாம்’ என்றதே, அங்கேதான் முள் இருந்தது! விதிப்பதா வேண்டாவா என்று முடிவு செய்ய அமர்ந்தவர் யார்? அக்காலத்து உள்ளாட்சித் தேர்தலில் வரி செலுத்துவோர்க்கே வாக்கு. வரி செலுத்தும் அளவுக்குச் சொத்துள்ளவனே வாக்காளன். அவருள்ளும் பெருஞ்சொத்துடைய மிராசுதாரும் வணிகருமே பெரும்பாலும் உறுப்பினர். அவர்கள் பிள்ளைக்கு வீட்டிலே வாத்தியார் உண்டு, நகரத்து உயர்நிலைப் பள்ளி உண்டு. எவன் பிள்ளைக்குப் பள்ளி வேண்டுமோ அவனுக்கு வாக்கில்லை. எவனுக்கு வாக்கு உண்டோ அவன் பிள்ளைக்கு அந்தப் பள்ளி வேண்டியதில்லை. இன்னும் ஒன்று: உள்ளூர் திரட்டியதற்கு ஈடாகவே அரசு தரும் என்பதால், வளமான நகரம் நிறையத் திரட்டி நிறையப் பெற்றது, வறண்ட ஊர் சிறிது திரட்டிச் சிறிதே பெற்றது. ஏழை ஊருக்குக் கைகொடுக்க வந்த மானியம், உயர்ந்த ஊரையே மேலும் உயர்த்தியது!

அதே 1920ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியில் நடந்ததொன்றை இங்கே சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். மாநகராட்சித் தலைவராயிருந்த சர். பிட்டி. தியாகராயர், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளிக்கு ஏழைப் பிள்ளைகள் வராமைக்குக் காரணம் பசியே எனக் கண்டார். பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி வழங்க மாநகராட்சி தீர்மானித்தது. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. பயன் என்ன? அந்த ஐந்து பள்ளிகளிலும் 1922–23இல் 811 ஆக இருந்த மாணவர் தொகை, 1924–25இல் 1,671 ஆக உயர்ந்தது. இரண்டே ஆண்டில் இருமடங்கு! எந்த உபதேசம் செய்த வேலை இது? ஓரணா செய்த வேலை.

பிறகு வந்தது கணக்கு. கல்விக்கென ஒதுக்கிய தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சிற்றுண்டிச் செலவைச் செய்ய அரசு இசையவில்லை. கரும்பலகை வாங்கலாம், சுண்ணாம்புக் கட்டி வாங்கலாம், இட்டலி வாங்கலாகாது! 1925 ஏப்ரல் முதல் நாளோடு திட்டம் தடைப்பட்டது. நகரத்தாரின் வரிப்பணம், நகரத்தாரின் பிள்ளை, நகரத்தார் தேர்ந்த மன்றம். ஆயினும் அந்தப் பணத்துக்கு ‘கல்வி’ என்றால் என்ன பொருள் என்பதை எங்கோ கோட்டையிலிருந்தவர் முடிவு செய்தார். உள்ளூர் வரி இருந்தால் போதாது, அதைச் செலவிடும் அதிகாரமும் உள்ளூருக்கு வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அப்படியானால் வரியும் அதிகாரமும் முழுக்க முழுக்க உள்ளூரிடமே இருந்துவிட்டால் நாடு செழித்துவிடுமோ? அவசரப்படாதீர்கள், தோழர்களே! அந்தச் சோதனையை அமெரிக்கா நமக்காகச் செய்து முடித்திருக்கிறது. அங்கே பள்ளி மாவட்டம் என்பது தனி ஆட்சி. தன் எல்லைக்குள் இருக்கும் வீடு, நிலம், ஆலை ஆகியவற்றின் மேல் வரி விதித்துத் தன் பள்ளியைத் தானே நடத்தும். இன்றும் அந்நாட்டுப் பள்ளிச் செலவில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்ட பங்கு உள்ளூர் வருவாயே. அதில் மிகப் பெரும்பகுதி சொத்து வரி.

டெக்சாஸ் மாநிலத்துச் சான் அந்தோனியோ நகரை எடுத்துக்கொள்வோம். ஒரே நகரத்தில் இரு பள்ளி மாவட்டங்கள். எட்ஜ்வுட் என்பது மெக்சிகோ வழிவந்த ஏழை உழைப்பாளர் வாழும் பகுதி. அலமோ ஹைட்ஸ் என்பது வெள்ளையர் செல்வர் வாழும் மேடு. 1967–68இல் எட்ஜ்வுட்டில் மாணவர் ஒருவருக்கு ஈடான சொத்தின் மதிப்பு 5,960 டாலர். மேட்டிலோ 49,000 டாலருக்கு மேல். எட்ஜ்வுட் ஏழைகள் நூறு டாலர் சொத்துக்கு ஒரு டாலர் ஐந்து சென்ட் வீதம் வரி கொடுத்தனர். செல்வர் கொடுத்தது எண்பத்தைந்து சென்ட். மிகுதியாகக் கொடுத்தவன் ஏழை! பலன்? எல்லா உதவியும் சேர்த்து எட்ஜ்வுட் பிள்ளைக்கு ஆண்டுக்கு 356 டாலர். மேட்டுப் பிள்ளைக்கு 594 டாலர். எட்ஜ்வுட் பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்பவர் பெயரால் அவ்வழக்கு வழங்குகிறது. 1973 மார்ச்சில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஐவர் ஒருபுறம் நால்வர் ஒருபுறமாக நின்று, இம்முறை அரசியல் சட்டத்துக்கு முரணன்று எனத் தீர்ப்பளித்தது. பிறந்த தெருவே பிள்ளையின் தலைவிதி என நம் நாட்டார் கூறினால் ‘வருணாசிரமம்’ என்கிறோம். அங்கே அதற்கு ‘உள்ளூர் உரிமை’ என்று பெயர்.

அந்தப் படுகுழியில் நாம் முழுதாக விழவில்லை. காரணம், இந்நாட்டுப் பள்ளிச் செலவு மெல்ல மெல்ல ஊரின் கையிலிருந்து மாநிலத்தின் கைக்கு மாறியது. ஆவடியிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதையில் திருவள்ளூரைத் தாண்டியதும் கடம்பத்தூர் என்றொரு ஊர் வரும். 1958 வாக்கில், பொதுக்கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்திற்கு அவ்வூர்ப் பக்கமே முதற்களம். ஊரார் கூடினர். பலகையும் நாற்காலியும் கடிகாரமும் நிலமும் தந்தனர். காமராசர் ஆட்சியில் அது நாடெங்கும் பரவியது. 1956இல் தொடங்கிய பகலுணவும் அவ்வாறே ஊராரின் கையையும் அரசின் கையையும் சேர்த்துக்கொண்டது. போற்றத்தக்க பணி. ஆயினும் ஒன்றை மறைக்கமாட்டோம். நாற்காலி கொடுத்தவர் பெயர் நாற்காலியின் முதுகில் எழுதப்படும்; வரி கொடுத்தவர் பெயர் எங்கும் எழுதப்படுவதில்லை. நன்கொடைப் பலகையில் அமரும் பிள்ளை நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. வரிப்பணத்துப் பலகையில் அமரும் பிள்ளை எவருக்கும் தலை வணங்க வேண்டியதில்லை. நாம் விரும்புவது அந்த இரண்டாவது பிள்ளையை.

1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்தால் தொடக்கப் பள்ளிகள் ஊராட்சி ஒன்றியங்களிடம் வந்தன. பூவிருந்தவல்லி ஒன்றியம், வில்லிவாக்கம் ஒன்றியம் என்னும் பெயர்களை இப்பகுதிப் பள்ளிச் சுவர்களில் நாம் கண்டது அதனால்தான். 1981 ஜூன் முதல் நாள் தொட்டு அவற்றின் ஆசிரியர் அரசு ஊழியராயினர். ஆசிரியர் ஊதியமே பள்ளிச் செலவின் பெரும்பகுதி. அதை மாநிலம் ஏற்றபின், ஊர் ஏழையா செல்வமா என்பதைப் பொறுத்து ஆசிரியர் அமையும் நிலை அகன்றது. பூவிருந்தவல்லியிலே பார்வையற்றோருக்கான அரசு மேனிலைப் பள்ளி இருக்கிறது. தமிழகத்தின் பல மூலைகளிலிருந்தும் பிள்ளைகள் அங்கு வருகின்றனர். பூவிருந்தவல்லிக் கடைத்தெருவின் வீட்டு வரி மட்டுமா அப்பள்ளியை நடத்துவது? மாநிலப் பொதுப் பணத்தால் மட்டுமே அது நடக்கும்.

மாநிலத்தோடு நின்றிருந்தால் நன்று. ஆனால் பணப்பை மேலே போகப் போக, பையின் கயிற்றைப் பிடித்திருக்கும் கையும் தொலைவாகிறது. 2024–25இல் ஒன்றிய அரசின் பள்ளித் திட்டமொன்றில் சேரத் தமிழ்நாடு இசையவில்லை என்பதற்காக, ஒட்டுமொத்தக் கல்வித் திட்டத்தின் கீழ் வரவேண்டிய 2,152 கோடி ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டதே! தியாகராயரின் ஓரணாவைக் கோட்டை தடுத்தது. நூறாண்டு கழித்துக் கோடிகளை டில்லி தடுத்தது. ஆகவேதான் சொல்கிறோம்: உள்ளூர்க் கல்வி வரியைப் பழங்காலத்து எச்சம் என்று ஒதுக்கிவிடலாகாது. தொகை சிறிதாயினும் கயிறு நம் கையில் இருக்கும் பை அது ஒன்றே.

அந்தப் பையை நாம் எப்படிக் காத்தோம்? அம்பத்தூரைப் பாருங்கள். 1949இல் டி.ஐ. சைக்கிள் ஆலை வந்தது. 1964இல் தொழிற்பேட்டை எழுந்தது. பட்டறைகளும் ஆலைகளும் நகராட்சிக்கு வரி கொடுத்தன. 2011 அக்டோபரில் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியில் கரைந்தது. அன்று முதல் அம்பத்தூராரின் சொத்து வரி மாநகராட்சிக் கருவூலத்துக்குப் போயிற்று. மாநகராட்சி நடத்திய பள்ளிகளோ பழைய நகர எல்லைக்குள் இருந்தன. அம்பத்தூர் முதலிய சேர்க்கப்பட்ட பகுதிகளின் 139 அரசுப் பள்ளிகள் மாநகராட்சியின் பொறுப்புக்கு மாற்றப்பட, ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின! முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை பத்தாம் வகுப்பை முடிக்கும் காலம் அது. வரி வாங்கும் கை விரைந்து நீண்டது. பள்ளியைத் தாங்கும் கை பத்தாண்டு தயங்கியது. இதைக் கேட்ட மன்றங்கள் எத்தனை? படிப்பகங்கள் எத்தனை?

ஆவடியின் கதை இன்னும் வேடிக்கையானது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளின் பெருங்கிடங்காயிருந்த ஊர். 1955 சனவரியில் காங்கிரசுப் பேராயம் கூடிச் சமதருமப் பாணிச் சமுதாயம் அமைப்போம் எனத் தீர்மானித்ததும் இவ்வூரிலேதான். பின்னர்க் கனரக ஊர்தித் தொழிற்சாலை எழுந்து 1965இல் ‘விஜயந்தா’ டாங்கியை வெளியிட்டது. படையுடைத் தொழிற்சாலை, போர் ஊர்தி ஆராய்ச்சி நிலையம், வான்படை நிலையம், மத்தியச் சேமக் காவற்படை முகாம் என, ஊரின் மிகப் பெரிய நிலக்கிழார் ஒன்றிய அரசே.

அந்த நிலக்கிழாருக்கு வீட்டு வரி உண்டோ? இல்லை! அரசியல் சட்டத்தின் 285ஆம் பிரிவு, ஒன்றியத்தின் சொத்துக்கு மாநிலமோ உள்ளாட்சியோ வரி விதிக்கலாகாது என்கிறது. வெள்ளையர் 1935இல் செய்த சட்டத்தின் தொடர்ச்சி அது. கடவுளின் வீட்டுக்கும் 1920ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம் வரிவிலக்குத் தந்தது. ஆக, ஊரில் வரி கொடாத பெரியவர் இருவர்: ஒருவர் கோயிலுக்குள், மற்றவர் மதிலுக்குள். மதிலுக்குள்ளே கேந்திரிய வித்யாலயாக்கள் இருக்கின்றன. கனரக ஊர்தித் தொழிற்சாலை, படையுடைத் தொழிற்சாலை, வான்படை, சேமக் காவற்படை ஆகிய ஒவ்வொன்றின் பெயராலும் ஒன்று. தமிழ் கட்டாயப் பாடமாயில்லாத அப்பள்ளிகளில் ஒன்றிய ஊழியர் பிள்ளைகளுக்கே முன்னுரிமை. மதிலுக்கு வெளியே ஆவடியின் நகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள்.

வரிக்கு மாற்றாகப் பணிக் கட்டணம் தரலாம் என்று 1954இலேயே ஒன்றிய நிதித்துறை ஒப்புக்கொண்டது. தருவதில் தகராறு எழுந்து, இராசகோட்டு மாநகராட்சியின் வழக்கில் 2009 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் முன் ஏற்பாடொன்று உறுதியாயிற்று. நகராட்சியின் பணிகளை எல்லாம் பெறும் ஒன்றியச் சொத்துக்குச் சொத்து வரியில் நூற்றுக்கு எழுபத்தைந்து. சிலவற்றையே பெற்றால் ஐம்பது. எதையும் பெறாவிட்டாலும் மூன்றில் ஒரு பங்கு. ‘பணி’ என்றால் தண்ணீர், சாலை, விளக்கு. ஊர்ப் பிள்ளைக்கு எழுத்துக் கற்பிப்பது தொழிற்சாலை பெறும் பணியா? நாம் பணி என்போம். டாங்கியைப் பூட்டிய கைகளில் எத்தனை கைகள் இவ்வூர்ப் பள்ளியில் எழுதப் பழகியவை!

2021 அக்டோபர் முதல் நாள் ஒரு மாற்றம் நேர்ந்தது. படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டது. கனரக ஊர்தித் தொழிற்சாலை, ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட கவச ஊர்தி நிறுவனத்தின் கீழ் வந்தது. படையுடைத் தொழிற்சாலை வேறொரு நிறுவனத்தின் கீழ்ச் சென்றது. இவை இப்பொழுது அரசுத்துறைகள் அல்ல, அரசுக்கு உரிமையான நிறுவனங்கள். அத்தகைய நிறுவனத்தின் சொத்து ஒன்றியத்தின் சொத்தாகாது, 285ஆம் பிரிவின் நிழல் அதற்கு இல்லை என்று, ஆவடியிலும் கிடங்கு வைத்திருக்கும் இந்திய உணவுக் கழகத்தின் வழக்கிலே 1999இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. எனவே நிலமும் கட்டடமும் எவர் பெயருக்கு மாற்றப்பட்டன என்பதே இப்பொழுது முதற்கேள்வி.

ஆவடி 2019 முதல் மாநகராட்சி. அதற்கு மாமன்றம் உண்டு; உறுப்பினர் உண்டு; அவர்களைத் தேர்ந்தெடுத்த வாக்காளரில் சொத்தில்லாதவரும் உண்டு. 1920இல் இல்லாதிருந்த அந்த வாக்கு இன்று இருக்கிறது. இளைஞர்கள் தத்தம் வட்ட உறுப்பினரிடம் எழுதிக் கொடுக்க வேண்டியது சிறு தாள்தான்: மதிலுக்குள் இருக்கும் ஒவ்வொரு சொத்தும் யார் பெயரில் இருக்கிறது? அதற்காகச் சென்ற ஆண்டு வரியாகவோ பணிக் கட்டணமாகவோ வந்த தொகை எவ்வளவு? நகரத்தாரிடம் கல்வி வரியென வாங்கியது எவ்வளவு, எந்தெந்தப் பள்ளிக்கு எவ்வளவு போயிற்று?